தரையிலிருந்து கட்டில் வரைக்கும்

மேடம் சட்டென்று தரையில் படுத்துவிட்டார்.

வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு, குப்புற, கன்னம் ரப்பர் மெத்தையில் அழுந்த, ஒரு கை உடம்புக்கு அடியில் சிக்கிக்கொள்ள, அச்சு அசலாக நான் விழுகிற மாதிரியே விழுந்து கிடந்தார்.

"இப்ப நான்தான் நீங்கண்ணா" என்றார் தரையிலிருந்து. "விழுந்துட்டேன். வீட்ல யாரும் இல்ல. என்ன பண்ணுவேன்?"

"கத்துவீங்க மேடம்."

"கத்திட்டேன். யாரும் வரல."

"இன்னொரு வாட்டி கத்துங்க. எங்க தெருவுல மொதோ கூப்பாட்டுக்கு எவனும் வரமாட்டான். புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு நெனச்சிக்குவானுங்க."

தரையில் கிடந்தபடியே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்பவும் யாரும் வரலண்ணா" என்றார்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜ் ஆஸ்பத்திரி அது. தரைத் தளத்தில் நீளமான கூடம். சுவர் முழுக்கக் கண்ணாடி, பிடித்து நடக்க இரண்டு கம்பி, மூலையில் ஆளுயரத்துக்கு ரப்பர் பந்துகள். பினாயிலும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. காலை வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து நீல மெத்தைமேல் கோடு போட்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எனக்குக் கையைக் காட்டிய படித்தவர்கள் உண்டு. விரலைக் காட்டியவர்களும் உண்டு. எனக்காகத் தரையில் விழுந்து காட்டியவர் இவர் ஒருவர்தான்.

மேடம் பெயர் திவ்யா. பிசியோதெரபிஸ்ட். வயது என்னுடையதில் பாதி இருக்கும். அறிவு என்னுடையதில் எத்தனை மடங்கு என்று கணக்குப் போட எனக்குக் கணக்கு வராது.

அவர் எழுந்த கதையைச் சொல்லுமுன் நான் விழுந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

நல்ல கெட்டியான சரக்கு

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைத் திறக்கிறவர்களுக்காக: நான் தனசேகர். மேனாம்பேட்டில் கேட்டால் தனா. மோட்டார் காயில் கட்டுகிறவன். பள்ளிக்கூடமும் நானும் மூன்றாம் வகுப்பிலேயே பரஸ்பரம் பேசிப் பிரிந்துவிட்டோம். எனக்கு எழுத வராது. நான் போனில் பேசி அனுப்புகிறேன். பத்திரிகை ஆபீசில் அதைக் குளிப்பாட்டி, தலை வாரி, பவுடர் பூசி உங்களிடம் கூட்டிவருகிறார்கள். போன வாரம் ஒரு வாசகர், "உங்கள் நடை நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். ஐயா, நீங்கள் என் நடையைப் பார்த்ததில்லை.

ஸ்கேனெல்லாம் எடுத்த பிறகு பெரிய டாக்டர் என்னை உட்காரவைத்து, "உங்களுக்கு வந்திருப்பது எம்.எஸ்." என்றார்.

எனக்கு ஒரு பயமும் வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எம்.எஸ். என்றால் இரும்பு. எம்.எஸ். பைப்பு, எம்.எஸ். தகடு, எம்.எஸ். ராடு. இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

"அது நல்ல கெட்டியான சரக்காச்சே டாக்டர்" என்றேன்.

அவர் ஸ்கேனை உறைக்குள் போட்டுவிட்டு, "கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். இதை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதைச் சொல்லப் பழகுவதற்குள் வலது கால் பாதி போய்விட்டது. கையில் ஒரு நாலு கால் குச்சி கொடுத்தார்கள். என் இரண்டையும் சேர்த்தால் ஆறு. ஆறு காலோடு விழுகிற ஜீவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

புது ஸ்டெப்பு

முதன்முதலில் விழுந்தது ஒரு சாவு ஊர்வலத்தில்.

என் சிநேகிதன் பாபு, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் அப்பா வாழ வேண்டியதெல்லாம் வாழ்ந்துவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் அப்படிப் போனவருக்கு ஆடாமல் அனுப்புவது மரியாதை இல்லை. சித்திரை வெயில். மேளம் காதைக் கிழிக்கிறது. பூ ஒரு பக்கம், பட்டாசு ஒரு பக்கம். நான் முன்னால் நின்று ஆடுகிறேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஏரியாவில் என் ஆட்டத்துக்குத் தனிக் கூட்டம் உண்டு. சிரிக்கவைத்தே பேர் வாங்கியவன் நான்.

திடீரென்று வலது காலைக் காணோம். கால் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் எனக்குச் சொந்தமில்லை. தார் ரோட்டில் மல்லாக்க விழுந்தேன்.

விசில் பறந்தது.

"மாமே, செம ஸ்டெப்பு மாமே!"

மேளக்காரர் எனக்காக அடியை மாற்றினார். இரண்டு பேர் ஓடிவந்து எனக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று விழுந்து, நான் துடிப்பதைப் பார்த்து அதேபோல் துடித்தார்கள். என் மூஞ்சிமேல் சாமந்திப் பூவை அள்ளிக் கொட்டினார்கள். பின்னால் வண்டி ஹாரன் அடிக்கிறது.

பாபு குனிந்து காதருகே சொன்னான்: "டேய் தனா, போதும் எய்ந்திரிடா. அப்பா வெய்ட் பண்றாரு."

"எய்ந்துக்க முடிலடா மச்சான்."

"அப்பன் சாவுல கூட காமெடி பண்றியேடா."

கடைசியில் இழுத்துப்போய் ஒரு டீக்கடை நிழலில் போட்டு, தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார்கள். அரை மணி நேரத்தில் கால் திரும்பி வந்துவிட்டது. எழுந்து நடந்தேன். "பாத்தியா, நடிச்சான்" என்றார்கள். ஒருவேளை நிஜமாகவே நடித்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதனால் இரண்டு வருடம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

எனாமல் போன கம்பி

அந்த அரை மணி நேரத்தின் ரகசியத்தைப் பிற்பாடு திவ்யா மேடம்தான் அவிழ்த்தார்.

மூளையிலிருந்து காலுக்கு நரம்பு போகிறதாம். நரம்புமேல் ஓர் உறை. என் உடம்பில் இருக்கிற காவல்காரர்களே அந்த உறையை எதிரி என்று நினைத்து அரித்துவிடுகிறார்களாம். அதனால் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேர்வதில்லை.

"எனாமல் பூடுச்சு" என்றேன்.

"என்னண்ணா?"

"காப்பர் கம்பி மேல எனாமல் கோட்டிங் கீது இல்ல மேடம், அது போனா கரன்டு போற எடத்துக்குப் போவாது. மோட்டாரு சும்மா முக்கும், சுத்தாது. சூடாச்சின்னா சுத்தமா நின்னுடும். கொஞ்ச நேரம் ஆற உட்டா, மறுபடி ஓடும். கஸ்டமரு நம்மள திட்டுவாரு, நல்லாத்தானய்யா கீதுன்னு."

இப்போது வாயைப் பிளந்தது மேடம்.

"அண்ணா, இதே மாதிரிதான். சூட்டுல கம்பி இன்னும் மோசமாகும். ஆறினா திரும்ப வரும். அன்னைக்கு ரோட்டுல உங்களுக்கு நடந்தது அதுதான். நான் இதைப் பரீட்சைக்கு ரெண்டு பக்கம் எழுதினேன்."

"மோட்டார்னா பழைய காயில வெட்டி எடுத்துட்டு புச்சா கட்டிடுவேன். இதுல?"

"அது முடியாதுண்ணா. போன உறையை என்னால கொண்டுவர முடியாது. பெரிய டாக்டர் குடுக்கற மருந்து, மேற்கொண்டு போகாம பிடிச்சு வைக்கும். என் வேலை வேற. பூந்தமல்லி ரோட்ல பள்ளம் தோண்டியிருந்தா உங்க ஃப்ரெண்டு ஆட்டோவை எப்படி ஓட்டுவாரு?"

"பாபுவா? சந்து சந்தா பூந்து பூடுவான்."

"அதேதான். மூளைக்குச் சந்து தெரியும். நாம திரும்பத் திரும்பப் போய்க் காட்டணும். அவ்வளவுதான்."

அன்று ராத்திரி முழுக்க என் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒன்றுமே இல்லை என்று என் வாத்தியார் சொன்ன தலைக்குள் இவ்வளவு தெருவா!

செல்வியின் குரல்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி செல்வி மீன் விற்கிறவள். விடியுமுன் வானகரம் மார்க்கெட், ஏழு மணிக்கு மேனாம்பேட்டில் ரேஷன் கடைக்கு எதிரே. அவள் குரல் கேட்டால் மூன்று தெருவுக்கு அலாரம் வேண்டாம். வீட்டில் என்னையும் அதே குரலில்தான் திட்டுவாள். நான் அந்தக் குரலில் குடியிருந்தேன் என்றே சொல்லலாம்.

ஒரு நாள் அவள் மார்க்கெட்டுக்குப் போன பிறகு தண்ணீர் குடிக்க எழுந்தேன். கட்டிலுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவில் விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. எழத்தான் முடியவில்லை. போன் கட்டிலின்மேல் இருந்தது. என் தலைக்கு மேலே ஒரு முழ உயரம். அது அடிக்கிறது. செல்விதான். நிற்கிறது. மறுபடி அடிக்கிறது. கையை நீட்டினால் மெத்தை விளிம்பு விரலில் படுகிறது, போன் படவில்லை. குழாய் சொட்டுகிறது. எறும்பு வரிசையாக வந்து என்னைச் சுற்றிக்கொண்டு போகிறது. நகராத பொருள் என்று முடிவு பண்ணிவிட்டது போல.

பதினோரு மணிக்குச் செல்வி வந்தாள். என் வேட்டி நனைந்திருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. துடைத்தாள், தூக்கினாள், உட்காரவைத்தாள்.

"இனிமே நான் யாவாரத்துக்குப் போவலய்யா" என்றாள். அவ்வளவுதான்.

கூடை கவிழ்ந்தது. ஐஸ் பெட்டி மூலைக்குப் போனது. ஒரு வாரத்தில் அவள் இடத்தில் அம்சா என்கிறவள் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டாள் என்று சேதி வந்தது. செல்வி அதற்கும் கத்தவில்லை. நாள் முழுக்க எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அசைந்தால் அசைந்தாள். வீட்டில் சத்தமே இல்லை. என் கால் போனதுகூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை. இவள் வாய் போனதுதான் தாங்கவில்லை.

அதனால்தான் திவ்யா மேடம் முதல் நாள், "உங்களுக்கு என்ன பண்ணணும்னு ஆசை?" என்று கேட்டபோது, எல்லோரும் சொல்கிற மாதிரி நடக்கணும், ஓடணும் என்று நான் சொல்லவில்லை.

"தரையிலேர்ந்து நானே எய்ந்துக்கணும் மேடம். ஆளு தொடாம. அது வந்துட்டா என் பொண்டாட்டி மார்க்கெட்டுக்குப் போவா."

மேடம் பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்தார். ரப்பர் மெத்தையை விரித்தார். படுத்துவிட்டார்.

படுத்தவர் எழுந்தார்

முதலில் ஒன்றுமே செய்யவில்லை. மூச்சு விட்டார்.

"விழுந்த உடனே எழ முயற்சி பண்ணாதீங்கண்ணா. எங்கயாச்சும் வலிக்குதான்னு பாருங்க. பயம் போகட்டும்."

பிறகு தலையைத் திருப்பினார். தலை போன பக்கம் தோள் போனது, தோளுக்குப் பின்னால் இடுப்பு. ஒருக்களித்தார். முட்டியை மடக்கினார். முழங்கையை ஊன்றினார், அப்புறம் உள்ளங்கையை. சாய்ந்தபடி உட்கார்ந்தார். அங்கே நிறுத்தி இளைப்பாறினார். நாலு காலில் நின்றார். தவழ்ந்து, சுவரோரம் போட்டிருந்த கட்டிலுக்கு வந்தார். இரண்டு கையையும் மேலே வைத்தார். இடது பாதத்தை முன்னால் ஊன்றினார். "நல்ல காலை முன்னாடி. மூக்கு கட்டில் மேல போகணும். மூக்கு போனா பின்பக்கம் தானா மேல வரும்." வந்தது. மார்பைக் கட்டிலில் சாய்த்து, திரும்பி, உட்கார்ந்தார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதையெல்லாம் நானும் நாற்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தவன்தானே! சாப்பிட்டுவிட்டு இலையை மடித்துக்கொண்டு எழுந்தபோதெல்லாம் இத்தனையும் நடந்திருக்கிறது. உள்ளே இவ்வளவு பெரிய கம்பெனி ஓடியிருக்கிறது, முதலாளிக்கே தெரியாமல்.

"இப்ப நீங்க."

அன்றைக்கு முழுக்க நான் செய்தது ஒருக்களித்தது ஒன்றுதான். மேடம் கைதட்டினார்.

சுவரோரம் நின்ற செல்வி முணுமுணுத்தாள்: "பொரண்டு படுத்ததுக்கு கை தட்றாங்க. ஊட்ல தெனம் இதத்தான பண்ணிகினு கீது."

மேடம் காதில் விழுந்துவிட்டது. "அக்கா, நீங்க அவரைத் தூக்கக் கூடாது. அதுதான் உங்களுக்கு எக்சர்சைஸ்."

செல்விக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமான எக்சர்சைஸ்.

வீட்டுக்குக் கொடுத்த பாடம்: காலையில் மட்டும், மூன்று தடவை, நடுவில் ஓய்வு. "களைச்சுப் போறதுக்கு முன்னாடியே நிறுத்திடணும்" என்றார். என் வாழ்நாளில் எந்த முதலாளியும் சொல்லாத சொல். எனக்குப் புரியவே இல்லை.

ஓவர்டைம்

புரியாததால் புத்தியைக் காட்டினேன்.

எஸ்டேட்டில் வளர்ந்தவனுக்கு ஒரே நியாயம்தான் தெரியும்: எட்டு மணி நேரம் பார்ப்பவனைவிடப் பன்னிரண்டு மணி நேரம் பார்ப்பவன் கெட்டிக்காரன். மூன்று தடவைக்கு இவ்வளவு பலன் என்றால் முப்பது தடவைக்கு எவ்வளவு? மேடத்தை அடுத்த வாரம் அசத்திவிடலாம்.

மத்தியானம். செல்வி ரேஷன் வாங்கப் போயிருந்தாள். எங்கள் வீட்டுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. அந்த நேரத்தில் உள்ளே அப்பளம் காயவைக்கலாம். கரன்ட் வேறு இல்லை. படுத்தேன், புரண்டேன், மறுபடி புரண்டேன். ஐந்து, ஆறு, ஏழு. வியர்வை ஆறாக ஓடுகிறது. "பலே தனா" என்று எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். பதினொன்றாவது தடவையில் முழங்கையையும் ஊன்றிப் பார்த்துவிடலாம் என்று போனேன், கை மடங்கியது. முகம் தரையில். வலது கால் போனது சரி, இடதும் போனது. அப்புறம் கண்ணுக்குள் யாரோ பால் ஊற்றின மாதிரி வெள்ளையாக ஆகிவிட்டது.

செல்வி வந்த செருப்புச் சத்தம் கேட்டது.

"மே, கண்ணு தெரில மே."

ரேஷன் பை விழுந்த சத்தம். அரிசி சிதறிய சத்தம். அவள் ஒரு விநாடி நின்றாள். ஆறவிட்டால் ஓடும் என்று மேடம் சொன்னபோது சுவரோரம் நின்று கேட்டவள் இவள். மீன் விற்கிறவளுக்குச் சூட்டுக்கு மருந்து என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வந்த வழியே திரும்பி ஓடினாள்.

அம்சாவிடம்தான். அவ்வளவு நாளாக அந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் இருந்தவள், நேராகப் போய் நின்று, "ஐஸு குட்ரி" என்றாளாம். அம்சா ஏன் என்று கேட்கவில்லை. சங்கராவும் நெத்திலியும் பலகையில் வெறும் வெயிலில் கிடக்க, பெட்டியை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செல்விக்கு முன்னால் ஓடிவந்தாள்.

துண்டை நனைத்து, அதற்குள் ஐஸைச் சுற்றி, கழுத்தில், அக்குளில், நெற்றியில் வைத்தார்கள். ஈரத் துணியால் உடம்பெல்லாம் துடைத்தார்கள். அம்சா முறத்தால் விசிறினாள். நான் மீனாகக் கிடந்தேன்.

"இன்னாக்கா இது, அண்ணாத்தே வாயே தொறக்க மாட்டேன்றாரு?"

"தொறக்காத வரைக்கும் நிம்மதி. விசுறுடி."

கொஞ்சம் கொஞ்சமாகப் பால் விலகியது. முதலில் ஷீட்டில் இருந்த ஓட்டையின் வெளிச்சம். பிறகு காலண்டரில் முருகன். பிறகு செல்வியின் முகம். அவள் கன்னத்தில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு பளபளத்தது. அப்படி ஒரு அழகான பொருளை நான் பார்த்ததே இல்லை. காலைக் கூப்பிட்டேன். கட்டைவிரல் ஆடியது.

"வந்துச்சுடி" என்றாள் செல்வி.

அம்சா காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். "எக்கா, எப்ப வர்ற? ஒன் எடத்துல வேற எவளும் குந்திடக் கூடாதுன்னு நான் எவ்ளோ நாளு காவ காக்கறது? எனக்கு என் எடமே மூலையில சும்மா கெடக்குது."

செல்வி குனிந்து அரிசியைப் பொறுக்கினாள்.

மீன் வாசனை

மறுநாளே மேடத்திடம் போனோம். மேடம் கோபத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"நான் மூணுன்னு சொன்னேன்."

"ஆமா மேடம்."

"நீங்க?"

"பதினொண்ணு. முப்பதுக்குத்தான் பிளான் போட்டேன். லேபர் படுத்துடுச்சு."

சிரிக்கவில்லை. "இது ஆறினதும் திரும்பி வந்துச்சு, சரி. ஒரு நாளைக்கு மேல அப்படியே நின்னா இங்க வரக் கூடாது, நேரா பெரிய டாக்டர்கிட்ட போகணும். புரியுதா?" பிறகு செல்வியைப் பார்த்தார். "ஐஸ் வைக்கணும்னு உங்களுக்கு யார்க்கா சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். கெட்டுப் பூடக் கூடாதுன்னா ஐஸுலதான வெப்போம்."

மேடம் அப்போதுதான் சிரித்தார். அதற்குப் பிறகு அதுவே வழக்கமானது. எக்சர்சைஸுக்கு முன்னால் குளிர்ந்த ஈரத்துண்டு கழுத்தைச் சுற்றி. மின்விசிறி ஓட வேண்டும். மூன்றுக்கு மேல் ஒன்று கூடாது. ஐஸ் தினமும் காலையில் அம்சா கொடுத்தனுப்பினாள். துண்டை எவ்வளவு அலசினாலும் வாசனை போகாது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் எனக்கு அடுத்துக் காத்திருந்த பெரியவர் ஒருவர் மூக்கை உறிஞ்சி, "இன்னைக்கு கேன்டீன்ல மீன் கொழம்பா?" என்று என்னிடமே கேட்டார்.

புரள்வதற்கு இரண்டு வாரம். ஊன்றி உட்கார ஒரு மாதம். நாலு காலில் நிற்க மழைக்காலம் வந்துவிட்டது. பொங்கலுக்கு முந்தின வாரம், கூடத்தில், யாரும் தொடாமல், தரையிலிருந்து கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. கண்ணாடியில் இன்னொரு தனா உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அவனைப் பார்த்து வணக்கம் வைத்தேன்.

மேடம் கைதட்டவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றார்.

ஒரு காலை

ஆனால் செல்வி அசையவில்லை.

"நான் பக்கத்துல கீறேன்ற தெகிரியத்துல எய்ந்துக்குற. நான் இல்லன்னா?"

"நீ போனாத்தான மே தெரியும்?"

"தெரிஞ்சிக்கறதுக்கு ஒன்ன தரையில போட்டுட்டுப் போவணுமா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். கூடத்தில் ரப்பர் மெத்தை, இங்கே சிமெண்டுத் தரை. ஒரு வாரம் இருவரும் அதையே மென்றோம். கடைசியில் ஒரு நாள் அம்சா வந்து வாசலில் நின்று, "எக்கா, நாளைக்கு நான் என் எடத்துக்குப் போறேன். ஒன் எடம் காலி. அப்பால ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விடியுமுன் செல்வி கிளம்பினாள். போனை ஒரு பையில் போட்டு என் கழுத்தில் மாட்டினாள். தண்ணீரைக் கை எட்டுகிற இடத்தில் வைத்தாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, தண்ணீரை இன்னும் ஒரு விரல் நகர்த்தி வைத்தாள். பிறகு போய்விட்டாள்.

வெளுத்த பிறகு பாத்ரூம் போக எழுந்தேன். கட்டிலை ஒட்டியே நாலு எட்டுதான். மூன்றாவது எட்டில் குச்சி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அதே சிமெண்டு. அதே குழாய்ச் சொட்டு. மூச்சு விட்டேன். வலி இல்லை. பயம் மட்டும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. கழுத்தில் போன் அடித்தது.

எடுத்தேன்.

"இன்னாய்யா பண்ற?"

"குந்திகினு கீறேன்" என்றேன், தரையில் குப்புறக் கிடந்துகொண்டு.

பின்னால் ஏலச் சத்தம். எவனோ எடையில் கையை வைத்திருக்கிறான் போல. போனை மறந்துவிட்டு அவன்மேல் பாய்ந்தாள். "யோவ், கண்ணு இன்னா பொடரிலயா கீது? கூடைய எறக்குய்யா கீழ! யாரான்ட டபாய்க்கற?"

எத்தனை மாதம் ஆயிற்று இந்தக் குரலைக் கேட்டு! சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் அதைக் கேட்டேன். உடம்பில் ஒரு நரம்பு பாக்கியில்லாமல் போய்ச் சேர்ந்தது. அப்புறம் "வெக்கறேன்யா" என்று வைத்துவிட்டாள்.

தலையைத் திருப்பினேன். தோள் வந்தது. இடுப்பு வரவில்லை. ஓய்வு. மறுபடி. வந்தது. ஒருக்களித்ததில் தலை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. முழங்கை. உள்ளங்கை. ஓய்வு. நாலு காலில் நின்றபோது வலது கால் துள்ளி நடுங்கியது, நிற்கட்டும் என்று காத்திருந்தேன். ஈரத்துண்டு கட்டில் முனையில் தொங்கியது, இழுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். இரண்டு கை மேலே. இடது பாதம் முன்னால். மூக்கு கட்டில்மேல். ஒரு தடவை சறுக்கினேன். ஓய்வு. இரண்டாவது தடவையும் சறுக்கினேன். களைத்துப்போகுமுன் நிறுத்தினேன், இந்த முறை புரிந்து நிறுத்தினேன். அப்படியே கட்டிலில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தேன். தெருவில் பால்காரர் போனார், பள்ளிக்கூட வேன் போனது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மூன்றாவது தடவை மேலே வந்தேன்.

பதினோரு மணிக்குச் செல்வி வந்தாள். காலிக் கூடையை இறக்கினாள். தொண்டை கட்டியிருந்தது. மொத்தமும் விற்றுப்போயிருக்கிறது. நான் கட்டிலில் ராஜா மாதிரி உட்கார்ந்து, ஒன்றும் நடக்காத மூஞ்சியை வைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் வந்து நின்றாள். என் தலையையே பார்த்தாள். கையை நீட்டி, முடியிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ஒட்டடையை எடுத்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். நிமிர்ந்து என் முழங்கையைப் பார்த்தாள். அதில் சிமெண்டுப் புழுதி.

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமே போவல என்று ஒரு சொல் வந்தால் முடிந்தது.

ஒட்டடையை விரலில் சுருட்டிக்கொண்டே போய் வாசலில் உதறினாள். கை கழுவினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் முன்னாடியே கெளம்பறேன்யா. லேட்டா போனா நல்ல சங்கராவெல்லாம் பூடுது."